சொல்லும் பொருளும்: 'பிலிமோகிராபி'

சென்ற வாரம் என் மாணவி ஒருத்தி டி. பி. ராஜலக்ஷ்மியைப் பற்றி வியாசம் ஒன்று எழுதிக் கொண்டு வந்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனால் முடிவில், அந்த அம்மையாரின் படங்களை வரிசையாகக் கொடுத்து, 'திரைப்படவியல்' என்று தலைப்பிட்டிருந்தாள். சிவப்பு மையால் அதை அடித்தேன்.

"ஏன் ஸார்? பிலிமோகிராபிக்கு அப்படித்தானே எழுதுகிறார்கள்?" என்றாள்.

எழுதுகிறார்கள், வாஸ்தவம். ஆயினும் 'இயல்' என்பது ஒரு சாஸ்திரத்தைக் குறிப்பது. உயிரியல் உயிர்களை ஆராய்கிறது. அவற்றின் பெயர்களுக்கு ஜாபிதா எழுதுவதோடு நின்றுவிடுவதில்லை. 'கிராபி'யோ கிரேக்க மொழியில் எழுதுதல் என்னும் பொருளுடையது. நூல்களின் வரிசைக்குப் 'பிப்ளியோகிராபி' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டில் அதே அச்சில் இசைத்தட்டுகளுக்கு 'டிஸ்காகிராபி'யும், படங்களுக்குப் 'பிலிமோகிராபி'யும் வார்த்தார்கள். ஒரு நடிகரோ டைரக்டரோ பங்கு கொண்ட படங்களை வருஷத்துடன் எழுதிய வரிசை, அவ்வளவே.

'பிலிம்' என்ற சொல்லின் கதை இன்னும் ருசிகரமானது. பழைய ஆங்கிலத்தில் அது மெல்லிய சவ்வுக்குப் பெயர். தோலைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. போட்டோக் கண்ணாடியின் மேல் பூசிய ரசாயனப் பூச்சுக்கு அப்பெயர் வந்தது. பிறகு ஸெல்லுலாயிட் சுருளுக்கு. அப்புறம் அதில் ஓடிய கதைக்கே. நம்முடைய 'படலம்' மட்டும் என்ன? கண்ணை மறைக்கும் சவ்வும் படலம். கம்பர் காவியத்தின் பகுதியும் படலம்!

தோல் அழியக் கூடியது. ராஜலக்ஷ்மி நடித்து 1931-இல் வெளியான 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று இல்லை. 1936-இல் அவரே டைரக்ட் செய்த 'மிஸ் கமலா'வும் போய்விட்டது. இத்தகைய படங்களுக்கு மிஞ்சியவை கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகங்களும், பத்திரிகை விளம்பரங்களும், பிலிம் நியூஸ் ஆனந்தன் போன்றவர்கள் சேர்த்து வைத்த பட்டியல்களுமே. 2016-இல் காலமான ஆனந்தன் பல பத்தாண்டுகள் இவ்வேலையைச் செய்தார்.

'நூலடைவு' என்று நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. அதைப் பார்த்து, மாணவியின் தலைப்பைப் 'பட அடைவு' என்று திருத்தினேன். பட்டியலில் 'மிஸ் கமலா'வைக் காணோம்.

"அந்தப் படந்தான் இல்லையே, ஸார்!" என்றாள்.

1936 என்று வருஷத்தையும் போட்டு, அதைச் சேர்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.