கோடை விடுமுறை நெருங்குகிறது: நீச்சல் வகுப்பு மட்டும் குழந்தைகளைக் காத்துவிடுமா?

புதுடெல்லி: தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கவிருக்கும் நிலையில், பெருநகரங்களில் நீச்சல் பயிற்சி வகுப்புகளுக்கான சேர்க்கை சூடுபிடித்துள்ளது. ஆறுகள், ஏரிகள், கல்குவாரிக் குட்டைகள் ஆகியவற்றில் சிறுவர்கள் மூழ்கி உயிரிழக்கும் செய்திகள் அடுத்தடுத்து வரத் தொடங்குவதும் ஆண்டுதோறும் இதே வாரங்களில்தான். கட்டணம் செலுத்தி நீச்சல் குளத்தில் இறங்கும் குழந்தைகளும், ஊர்க் குட்டையில் உயிரிழக்கும் குழந்தைகளும் பெரும்பாலும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கோடைக்கால நீர்ப் பாதுகாப்பு குறித்த விவாதம் இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தற்செயலாக நீரில் மூழ்கி உயிரிழந்தனர். அதாவது, நாளொன்றுக்கு நூறு பேருக்கும் அதிகம். உலக அளவில் 2021-ஆம் ஆண்டில் சுமார் 3 லட்சம் பேர் இவ்வாறு உயிரிழந்ததாகவும், அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றும் உலக சுகாதார அமைப்பு 2024-ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

சிறு குழந்தைக்குத் தேவை காவல்

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் குளிக்கச் சென்று மூழ்குவதில்லை. விளையாடிக்கொண்டே சென்று தவறி விழுகிறார்கள். வீட்டை ஒட்டிய குளம், மூடியில்லாத தரைத்தொட்டி, நிரம்பிய வாளி ஆகியவையே அவர்களுக்கு ஆபத்தாகின்றன. சில அங்குல நீரே போதுமானது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. எனவே அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரிவதில்லை. இந்த வயதினருக்கு நீச்சல் வகுப்பு முதல் தீர்வாக முடியாது.

இதை அண்டை நாடான வங்கதேசம் முன்னரே உணர்ந்தது. தாய்மார்கள் வீட்டு வேலைகளில் மூழ்கியிருக்கும் காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறு காப்பகங்கள் அந்நாட்டுக் கிராமங்களில் அமைக்கப்பட்டன. அவற்றுக்கு இடப்பட்ட பெயர் 'ஆஞ்சல்'. வங்க மொழியில் முந்தானை என்று பொருள். காப்பகத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் மரணங்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசே 16 மாவட்டங்களில் 8 ஆயிரம் காப்பகங்களை அமைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

வங்கதேசத்தின் நிலப்பரப்பையே ஒத்தது மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதி. வீட்டுக்கு வீடு குளம் உள்ள அங்கும், ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் அதிக அளவில் மூழ்கி உயிரிழப்பதை வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன. அங்கே தன்னார்வ அமைப்புகள் சில காப்பகங்களை நடத்தி வருகின்றன. எனினும், நாடு முழுமைக்கும் பார்த்தால், அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி மூன்று வயதுக்குப் பிறகே தொடங்குகிறது. நடக்கத் தொடங்கிய குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத காலம் அதற்கு முந்தையது. மத்திய அரசின் 'பால்னா' காப்பகத் திட்டம் ஆறு மாதக் குழந்தை முதல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால், அது வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கான உதவியாகவே கருதப்படுகிறது. நீர்நிலைகள் மிகுந்த மாவட்டங்களில் அதையே உயிர்காப்புத் திட்டமாகவும் கருதி முன்னுரிமை அளிப்பது பெரும் செலவின்றிச் செய்யக்கூடியது.

பள்ளி வயதினருக்கு நீச்சலும் மீட்பும்

ஆறு வயதைக் கடந்த குழந்தைகளுக்கு நீச்சல் கற்பிப்பது பயனளிக்கும் என்பதில் ஐயமில்லை. உலக சுகாதார அமைப்பு இதைப் பரிந்துரைக்கும்போது, நீச்சலுடன் பாதுகாப்பான மீட்பு முறைகளையும் சேர்த்தே கற்பிக்கக் கோருகிறது. அதன் காரணத்தைத் தமிழ்நாடு துயரத்துடன் அறியும். 2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் குளிக்கச் சென்ற சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் உயிரிழந்தனர். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற முயன்றவர்களும் அவர்களுடன் மூழ்கினர்.

மூழ்குபவரைக் கண்டால் நீரில் குதிக்காமல், கரையில் நின்றபடியே கழியையோ சேலையையோ நீட்டவும், கயிற்றையோ மூடிய காலிக் கேனையோ வீசவும், கூவி ஆட்களைத் திரட்டவும் ஒவ்வொரு குழந்தைக்கும் கற்பிக்கப்பட வேண்டும். இதற்கு நீச்சல் குளம் தேவையில்லை. பள்ளி மைதானம் போதும்.

நீச்சல் குளத்தில் கற்றவருக்கும் எச்சரிக்கை தேவை. அங்கே நீர் தெளிந்தது, தரை தெரியும், ஓட்டமில்லை. ஆற்றில் மணல் அள்ளிய பள்ளமும் சுழலும் சேறும் கண்ணுக்குத் தெரிவதில்லை. குவாரிக் குட்டையில் விளிம்பிலிருந்து ஓரடி வைத்தாலே ஆள் ஆழத்துக்கு ஆழம் இறங்கிவிடும். இருபது நாள் பயிற்சி தரும் துணிச்சல், அந்தப் பயிற்சி தரும் திறனைவிடப் பெரிதாகிவிடுவதே பெற்றோர் அஞ்ச வேண்டியது.

கூட்டம் காவலாகாது

பெரியவர்கள் உடனிருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் பொய்த்திருக்கிறது. பீகாரில் தாய்மார்கள் பிள்ளைகளின் நல்வாழ்வுக்காக நோன்பிருக்கும் ஜீவித்புத்ரிகா விழாவின்போது, 2024 செப்டம்பரில் 37 குழந்தைகள் உட்பட 46 பேர் ஆறுகளிலும் குளங்களிலும் மூழ்கி உயிரிழந்தனர். பலர் இருக்கும் இடத்தில், வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என ஒவ்வொருவரும் நினைத்துவிடுகிறார்கள். குடும்பமாக நீர்நிலைக்குச் செல்லும்போது, கைபேசியை ஒதுக்கிவிட்டுக் குழந்தைகளை மட்டுமே கவனிக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைப்பதும், அரை மணிக்கொருமுறை ஆளை மாற்றுவதும் எளிய, பயனுள்ள வழி.

படகுப் பயணத்துக்கும் இது பொருந்தும். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். பலர் உயிர்காப்பு உடை அணிந்திருக்கவில்லை. அந்த உடை இல்லாத படகில் குழந்தையை ஏற்ற மறுப்பது பெற்றோரின், ஆசிரியரின் உரிமையும் கடமையுமாகும்.

மீட்கப்பட்டவர் மூச்சு விடவில்லை எனில், தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் உயிர் காக்கும் நிமிடங்களை வீணாக்கும். உடனே வாயோடு வாய் வைத்து மூச்சளித்து, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். அதே வேளையில் மற்றொருவர் 112 எண்ணை அழைக்க வேண்டும்.

யாருடைய பொறுப்பு?

நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. ஆனால், குளம் ஊராட்சியிடமும், அணை நீர்வளத் துறையிடமும், குவாரி கனிமவளத் துறையிடமும், பள்ளி கல்வித் துறையிடமும் இருக்கின்றன. விபத்துக்குப் பின் ஒவ்வொரு துறையும் மற்றதைச் சுட்டிக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. மாவட்ட ஆட்சியர் பொறுப்பேற்று, மரணங்கள் மீண்டும் மீண்டும் நிகழும் நீர்நிலைகளைப் பட்டியலிட்டு, பள்ளிகள் மூடும் முன்பே வேலியும் எச்சரிக்கைப் பலகையும் மீட்புக் கயிறும் அமைத்தால், நெறிமுறை காகிதத்தைத் தாண்டும்.

நீச்சல் வகுப்பில் குழந்தையைச் சேர்க்கும் பெற்றோர் நல்ல காரியமே செய்கிறார்கள். அந்தக் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் இந்தக் கோடையில் குளம் இருக்கிறது, குட்டை இருக்கிறது. அவனுக்குக் கற்பிக்கவும், அவனைக் கவனிக்கவும் அரசும் ஊரும் முன்வராதவரை, ஆண்டுக் கணக்கில் அந்த எண்ணிக்கை குறையப்போவதில்லை.