மெட்டும் கரடும்

போடிநாயக்கனூரில் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களிடம் கணவாய் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். மெட்டு என்றால் உடனே கை மேற்கே நீளும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் வருகிற உச்சி அது. அதைத் தாண்டினால் கேரளம். போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லை மெட்டுகளாலானது.

பாலக்காட்டில் ஏறவே வேண்டியதில்லை. முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே விலகி நிற்கிறது. ஆனி ஆடியில் அவ்வழியே புகும் காற்றில் உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்கின்றன. தெற்கே முப்பந்தலுக்குக் காற்றைத் தரும் ஆரல்வாய்மொழி, பெயரிலேயே வாயை வைத்திருக்கிறது. ஏறிக் கடக்கும் உச்சியையும் காற்று புகும் வெளியையும் பாடப்புத்தகம் ‘கணவாய்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கிறது. லாரிக்காரர்களுக்கு அதுவும் நீளம். ‘தொப்பூர் காட்’ போதும். சங்கத் தலைவன் பொருள் தேடிக் கடந்த சுரம், தாமரசேரிச் சுரமாக மலையாளத்தில் இன்றும் பேருந்து போகும் பாதை. நமக்கோ அது காய்ச்சல், மிஞ்சினால் சங்கீதம்.

அடிவாரத்துச் சொற்களின் கதி இன்னும் மோசம். கொங்கில் மழைக்கு ஓடி வெயிலுக்கு வற்றும் ஓடையைப் பள்ளம் என்பார்கள். அந்தியூர் வரட்டுப்பள்ளத்திலும் கோபி குண்டேரிப்பள்ளத்திலும் அணை இருப்பது அதனால்தான். திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியை நிலவியலாளர்கள் ஆங்கிலக் கட்டுரையிலும் தேரி என்றே எழுதுகிறார்கள். சிறு பாறைக்குன்றுகளான மதுரைப் பக்கத்துக் கரட்டுக்கும் நெல்லைப் பொத்தைக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆடு மேய்ப்பவருக்கு ஒவ்வொரு கரடும் தனிப்பெயர் உள்ளது. எங்கே சுனை, எங்கே நிழல் என்று தெரியும். கோப்பில் ‘புறம்போக்கு’ என்று ஏறிவிட்டாலோ கல்குவாரிக்குக் கையெழுத்துப் போடுபவருக்குக் கூச்சமே இருக்காது.

கரிசலுக்குக் கி.ராஜநாராயணனும் கொங்குக்குப் பெருமாள்முருகனும் வட்டார அகராதி தந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் செய்யாமல் எழுத்தாளர்கள் செய்த வேலை. அவற்றின் பக்கத்தில் வைக்க மலையோரத்துக்கும் ஒன்று வேண்டும்.

அடுத்த இதழிலிருந்து இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். சொல்லை மட்டும் அனுப்பாதீர்கள்: எந்த ஊரில், யார், எந்த இடத்தைக் காட்டி அப்படிச் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். வேர்ச்சொல் ஆராய்ச்சியும் மலை பற்றிய கவிதையும் வேண்டாம். அவை ஏற்கெனவே கட்டுக்கட்டாக வந்து கிடக்கின்றன.