புது நிக்கானும் பீரோவில் தூங்கும் லென்ஸும்

கேமரா கம்பெனி புதுசாய் ஒன்றை அறிவித்தால் நம்மாட்கள் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்ஸல் என்று. அடுத்த கேள்வி ஈ.எம்.ஐ. எவ்வளவு. நான் கேட்பது வேறு. ஊரில் அப்பாவின் பீரோவில் கிடக்கிற பழைய நிக்கான் லென்ஸ் இதில் மாட்டுமா, மாட்டாதா?

2023 செப்டம்பரில் நிக்கான் இசட்எஃப் வந்தபோது ஆளாளுக்கு உருகினார்கள். 1982-ல் வந்த எஃப்எம்2-வை உரித்து வைத்த மாதிரி உருவம். மேலே பித்தளைத் திருகுகள், பழைய எழுத்தில் நிக்கான் பெயர், வேண்டுமென்றால் ஆறு நிறங்களில் தோல். அந்தக்காலக் கல்யாண வீடுகளில் ஸ்டுடியோக்காரர் கழுத்தில் தொங்கிய பெட்டி ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா?

ஆனால் சாமி, இது வேஷப் பொருத்தம் மட்டுமே. எஃப்எம்2-ல் பாட்டரி செத்தால் வெளிச்சம் அளக்கும் மீட்டர்தான் நிற்கும். ஷட்டர் அதுபாட்டுக்கு வேலை செய்யும். இசட்எஃப்-ல் பாட்டரி போனால் அது பேப்பர்வெயிட். அதோடு சேர்த்து விற்கும் 40 மிமீ லென்ஸும் பார்க்கத்தான் பழசு. அபர்ச்சர் எண்கள் பொறித்த வளையம் அதில் கிடையாது.

அப்போ பழைய உறவு எங்கேதான் இருக்கிறது? லென்ஸ் மாட்டுகிற வாயில் இருக்கிறது என்பது என் கட்சி. 1959-ல் தொடங்கிய எஃப் மவுண்டில் அந்த வாய்க்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 46.5 மிமீ. 2018-ல் வந்த இசட் மவுண்டில் அது 16 மிமீதான். மிச்சமுள்ள 30.5 மிமீயில் ஓர் இணைப்பு வளையத்தைப் போட்டால் பழைய லென்ஸ் தன் பழைய தூரத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

2006-ல் வந்த டி40-ல் அதே மேனுவல் லென்ஸை மாட்டினால் மீட்டரே வேலை செய்யாது. இசட் கேமராவில் செய்யும். ஃபோகஸ் ஆன விளிம்புகளைக் கலர் போட்டுக் காட்டும். இசட்எஃப் இன்னும் ஒருபடி மேலே போய், கையால் ஃபோகஸ் செய்யும்போதும் முகத்தைக் கண்டுபிடித்து அந்த இடத்தைப் பெரிதாக்க உதவுகிறது. நிக்கானைப் பாராட்டுவதென்றால் இதற்குப் பாராட்டலாம்.

குறையும் உண்டு. நம்மவர்கள் ஆசையாய் வாங்கிய 50 மிமீ 1.8 டி லென்ஸில் மோட்டார் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்பும். நிக்கானின் எஃப்டிஇசட் வளையத்தில் அந்த மோட்டாரை வைக்கவில்லை. ஆக அந்த லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் கோவிந்தா. இத்தனை வருஷம் நம்பி வாங்கியவர்களுக்கு இதைச் செய்து கொடுத்திருக்க வேண்டாமா? தோலுக்கு ஆறு நிறம் தேடிய நேரத்தில் இதை யோசித்திருக்கலாம்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? நாம் பூனாவிலும் குர்காவ்னிலும் குப்பை கொட்டுகிறோம். ஊருக்குப் போவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை. அதற்குள் சென்னை ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். சிலந்திவலை மாதிரி படர்ந்து கண்ணாடியின் பூச்சையே தின்றுவிட்டால், துடைத்தாலும் தழும்பு போகாது. வீடு மாற்றும் அவசரத்தில் பழைய பேப்பர்காரருக்குப் போகிற சாமான்களில் அதுவும் ஒன்றாகிவிடும். நம்மைக் குழந்தையாகப் படம் பிடித்த அதே கண்ணாடியில் பேரப்பிள்ளைகளையும் பிடிக்க வழி இருக்கும்போது அதை எடைக்குப் போடுவது அநியாயம்.

அதனால் அடுத்த தடவை போகும்போது லென்ஸை எடுத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் தோல் உறையிலிருந்து வெளியே எடுத்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மாட்ட இசட்எஃப்தான் வேண்டும் என்றில்லை. 2020-ல் வந்த இசட்5 செகண்ட்ஹேண்டில் கிடைத்தாலே போதும். முழு ஃபிரேம், கை நடுக்கத்தையும் சமாளிக்கும். வெறும் மேனுவல் லென்ஸுக்கு வேறு கம்பெனிகளின் மலிவான வளையமே தாராளம்.

உங்க வீட்டு பீரோவில் என்ன லென்ஸ் தூங்குகிறது? அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்.