நமக்குப் பின் அந்த நாய்

மணி என்னும் எங்கள் நாய் 14 வருஷம் எங்களோடு வாழ்ந்து முடித்து, ஆலுவாவில் பெரியாற்றை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொல்லையில் ஜாதிக்காய் மரத்தடி மண்ணுக்குள் போய் இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகும், இன்னொன்று வளர்க்கக் கூடாதா என்று கேட்பவர்களும், இந்த வயசில் இனி எதற்கு என்று கேட்பவர்களும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் என் திண்ணைக்கு வந்து போகிறார்கள். சேஷசாயி சகோதரர்கள் 1943-இல் தொடங்கிய உத்யோகமண்டல் உரத் தொழிற்சாலைக்குப் பின்னாளில் வேலைக்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்ப மனமின்றி இங்கேயே தங்கிவிட்ட தமிழன் நான், வயது 71. இரண்டாம் கட்சிக்குத் தலைவன் மஸ்கட்டில் உத்தியோகம் பார்க்கும் என் மகன்.

"இன்னொரு பிரிவை என் மனம் தாங்காது" என்பதே இத்தனை நாளும் நான் இரு கட்சிக்கும் சொல்லி வந்த சமாதானம். கேட்பவர்கள் உடனே பேச்சை மாற்றிவிடுவார்கள் என்பதால் அது சௌகரியமான பதிலாகவும் இருந்தது. ஆனால் உண்மையாக யோசித்துப் பார்க்கையில், நாற்பது வயதில் நாய் வளர்ப்பவன் என்றோ ஒருநாள் தானே அதைப் புதைக்கப்போகிறோம் என்று தெரிந்துதான் வளர்க்கிறான். நாயின் ஆயுள் 10 முதல் 14 வருஷம் என்பது யாருக்கும் ரகசியமல்ல. எழுபதைக் கடந்தவன் கணக்கு அப்படியல்ல. இன்று நான் ஒரு குட்டியைத் தூக்கி வந்தால், அது கிழடாகும்போது எனக்கு 84. அதற்குள் நான் போய்விட்டால், வாசற்படியில் படுத்து யாருக்காகக் காத்திருப்பது என்று அறியாமல் காத்திருக்கப்போவது அந்த வாயில்லா ஜீவன்.

இவ்விஷயத்தில் தருமபுத்திரரின் நாயை உதாரணம் காட்டாத உபந்நியாசகர் இல்லை. ஆனால் அது தருமதேவதை எடுத்த வேஷம், சோறு கேட்காத நாய், ஆகவே நமக்குப் பயன்படாது. எனக்கு அடிக்கடி நினைவு வருவது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்விட்ட ஒரு வீரனுக்காக நட்ட அந்தக் கல், கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றதையும் பெயர் சொல்லிப் பதிந்து வைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய சமூகம் நம்முடையது என்று நாம் பெருமை கொள்ளலாம்தான்; ஆயினும் எஜமானன் விழுந்த மறுநாள் கோவிவனுக்குச் சோறு வைத்தது யார் என்பதைக் கல் சொல்லவில்லை.

நம் காலத்தில் அந்தக் கேள்விக்கு முன்யோசனையோடு பதில் எழுதி வைத்தவர் ரத்தன் டாட்டா. முன்னிருந்த நாய் இறந்தபின், ஏறக்குறைய 80 வயதில், அதே டிட்டோ என்னும் பெயரிட்டு இன்னொரு ஜெர்மன் ஷெப்பர்டை அவர் வளர்த்தார் என்றும், 2024 அக்டோபர் 9-ஆம் தேதி தமது 86-ஆம் வயதில் அவர் காலமானபின், நீண்டநாள் சமையற்காரரே அந்த நாயைப் பராமரிக்க வேண்டுமென்று உயிலில் ஏற்பாடு செய்திருந்தது தெரிய வந்தது என்றும் பத்திரிகைகள் எழுதின. கோடீசுவரருக்கு இது சுலபம் என்பார்கள். எனக்கோ அதில் பணத்தைவிட, குறிப்பிட்ட ஒரு மனிதர் இருந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. நம் சட்டத்தின் பார்வையில் நாய் ஒரு சொத்தேயன்றிச் சொத்தை அடையும் வாரிசன்று. எனவே எதை எழுதினாலும் ஓர் ஆளின் பெயரில்தான் எழுதியாக வேண்டும். அந்த ஆள் யார் என்று சொல்ல முடியாதவன், எத்தனை பிரியம் வைத்திருந்தாலும், நாய் வளர்க்கத் தகுதியற்றவன் என்பது என் அபிப்பிராயம்.

கேரளத்தில் இந்தத் தகுதி மிகவும் அரிதாகிவருகிறது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இங்கே 60 வயது கடந்தோர் 12.6 சதவீதம், இந்திய மாநிலங்களில் இதுவே அதிகம். பெரிய வீடு, பூட்டிய இரும்புக் கதவு, உள்ளே இரண்டு முதியவர், வளைகுடாவில் பிள்ளைகள், தனிமைக்குத் துணையாக ஊருக்கு வந்த மகன் அவசரத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு லாப்ரடார் குட்டி என்று எங்கள் சாலையிலேயே நாலைந்து வீடுகள் உண்டு. முதியவர் படுக்கையில் விழுந்தால் நாய் கூண்டில் கிடக்கும். அவர் போய்விட்டால் வீடு பூட்டப்படும். கழுத்துப் பட்டையோடு தெருவில் திரிந்த நாய்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆலுவாக்காரனுக்கு இன்னொரு பரீட்சையும் இருக்கிறது. 2018 ஆகஸ்டில், செறுதோணி அணையின் மதகுகள் 26 வருஷத்துக்குப் பிறகு திறக்கப்பட்டு, மழையும் ஓயாமல் கொட்ட, பெரியாறு எங்கள் கூடத்துக்குள் வந்தது. பழையவர்கள் கொல்லம் ஆண்டு 1099-இல் வந்த 'தொண்ணூற்றொன்பதின் வெள்ள'த்தை நினைவுகூர்ந்தார்கள். மாடியில் ஒரு பகலும் இரண்டு இரவும் இருந்தபின், கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றி வந்த வள்ளத்தோடு மீனவர்கள் வந்து கூப்பிட்டபோது, 25 கிலோ கனமுள்ள மணியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் படியிறங்கினேன். நாயைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒருவர் கையை நீட்டி வாங்கி, வலைக்குவியலின்மேல் இறக்கிவைத்தார். அன்று எனக்கு 64. இன்று அதே நாயைத் தூக்கிக்கொண்டு அதே படியில் நான் இறங்கமாட்டேன். இறங்க முயன்றால் வள்ளத்துக்கு இரண்டு சுமையாவேன். ஆகவே, தன் கையால் தூக்க முடியாத நாயை முதியவர் வளர்க்கலாகாது. இந்த ஊரில் இது உவமையாகச் சொல்வதன்று.

இவ்வளவும் சொன்னபின் முடிவு "வேண்டாம்" என்றுதானே வரவேண்டும்? குட்டியைப் பொறுத்தமட்டில் அதுவே என் முடிவு. ஆனால் மணப்புறத்துப் படித்துறையருகே முகம் நரைத்த ஒரு நாட்டுப் பெண்நாய் இருக்கிறது. கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்டது. எடை 15 கிலோவுக்கு மேலிராது. அதற்கும் எனக்கும் மிச்சமிருக்கும் வருஷங்கள் அநேகமாகச் சமம்.

தெருநாய் என்றாலே இன்று ஊர் கொதிக்கிறது; அந்தக் கொதிப்பை நான் குறை சொல்லமாட்டேன். கடிபட்டபின் தடுப்பூசி போட்டும் வெறிநாய்க்கடி நோயால் குழந்தைகள் இறந்த வருஷம் 2025. டில்லியில் நாய்களையெல்லாம் பிடித்து அடைக்கும்படி ஆகஸ்டு 11-ஆம் தேதி உத்தரவிட்ட உச்சநீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் ஆனவற்றை, வெறிநோயும் மூர்க்க சுபாவமும் உள்ளவை நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடலாமென்று 22-ஆம் தேதி திருத்தியது. ஊர் எப்படித் தீர்த்தாலும், ஊசி போட்டு உரிமம் பெற்று ஒரு வேலிக்குள் வந்துவிட்ட கிழநாய், தெருவில் ஒன்று குறைவு. 'வா', 'போ' என்ற இரண்டு சொல்லும் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றாகவே இருப்பதால், பாஷை கற்பிக்கும் சிரமமும் எனக்கில்லை.

எனவே சென்ற வாரம் அடுத்த வீட்டு டீச்சரிடம் போய், எனக்கும் என் மனைவிக்கும் ஏதாவது நேர்ந்தால் அந்தப் படித்துறை நாயை ஏற்பாரா என்று கேட்டேன். தீவனத்துக்கும் வைத்தியத்துக்குமாக ஒரு தொகையை அவர் பெயரில் எழுதி வைப்பதாகவும் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்து, "அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன் சார், அதுவரைக்கும் அது என் பூனையைத் துரத்தாமல் நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்றார். பூனை விஷயத்தில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.