குலை வெட்டியவன் கணக்கு கேட்கக் கூடாதா?



போர் விமானம் பற்றிய கட்டுரை, நமக்கென்ன என்று மூடிவிடாதீர்கள். மந்தின் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் குலை வெட்டிய, உதிரிப்பழம் பொறுக்கிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை இதுவரை யாரும் நம்மிடம் காட்டியதில்லை. நாமும் கேட்டதில்லை.

2023 மே மாதம் லங்காவியில் நடந்த லிமா கண்காட்சியில், தென்கொரியாவிடமிருந்து 18 எஃப்.ஏ.-50 இலகு ரகப் போர் விமானங்கள் வாங்க நம் அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. விலை 920 மில்லியன் அமெரிக்க டாலர். ஒப்பந்தப்படி முதல் விமானங்கள் 2026-ல் வரவேண்டும். அன்றைய தற்காப்பு அமைச்சர் முகமட் ஹசான். நமக்குப் புதியவர் அல்ல. 2004 முதல் 2018 வரை இதே நெகிரி செம்பிலானின் மந்திரி பெசாராக இருந்தவர். விலையில் பாதியையாவது காசாக இல்லாமல் செம்பனை எண்ணெயாகக் கொடுப்பதுதான் திட்டம் என்று சொல்லப்பட்டது.

ஆமாம், எண்ணெயைக் கொடுத்துப் போர் விமானம். பண்டமாற்று!

இது புதுசும் இல்லை. 1990-களில் ரஷ்யாவிடமிருந்து 18 மிக்-29 விமானங்கள் வாங்கியபோதும் விலையில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயாகவே போனது. 2019-ல் தற்காப்பு அமைச்சராக இருந்த மாட் சாபு, சீனா, ரஷ்யா, இந்தியா, பாகிஸ்தான், துருக்கி, ஈரான் ஆகிய ஆறு நாடுகளோடு எண்ணெய்க்கு ஆயுதம் என்ற பேச்சு நடக்கிறது என்றார். ஆட்சி மாறுகிறது, அமைச்சர் மாறுகிறார், எண்ணெய் மட்டும் மாறவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பேனா எடுத்துக்கொள்ளுங்கள். 920 மில்லியனில் பாதி 460 மில்லியன் டாலர். ஒரு டாலர் நாலரை வெள்ளி என்று வைத்தால் 2,070 மில்லியன் வெள்ளி. எண்ணெய் விலை டன்னுக்கு 4,000 வெள்ளி என்று வைத்தால் ஐந்து லட்சத்துப் பதினேழாயிரம் டன் எண்ணெய் வேண்டும். நூறு கிலோ குலையை ஆலையில் போட்டால் இருபது கிலோ எண்ணெய்தான் கிடைக்கும் என்பது தோட்டத்தில் இருந்த யாருக்கும் தெரியும். ஆக 25 லட்சம் டன்னுக்கு மேல் குலை. ஒரு குலை இருபது கிலோ என்றால், ஏறக்குறைய 130 மில்லியன் குலைகள்! அத்தனையும் ஒவ்வொன்றாக, நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலையை அண்ணாந்து ஒரு மனிதன் வெட்டித் தள்ளவேண்டும். 

என் அப்பா மந்தின் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருபத்தேழு வருடம் குலை வெட்டியவர். கடைசி காலத்தில் சாப்பிட உட்கார்ந்தால்கூட அவரால் கழுத்தை நேராகக் குனிய முடியாது. மேலே பார்த்துப் பார்த்து எலும்பு அப்படியே நின்றுவிட்டது என்பார். தோட்டம் விற்கப்பட்டது, லயத்தை இடித்தார்கள், இன்று அங்கே தாமான் இருக்கிறது. வீடு மட்டும் கிடைக்கவில்லை.

"எண்ணெய் தோட்ட நிறுவனத்தின் சொத்து. அரசாங்கம் அதைக் காசு கொடுத்து வாங்குகிறது. கூலி வாங்கியவனுக்கு அதற்கு மேல் என்ன உரிமை?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அப்படியானால் அந்தக் கூலியைக் கொஞ்சம் பார்ப்போம்.

2003-ஆம் ஆண்டு. தோட்ட முதலாளிகள் சங்கமும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் வருடக்கணக்கில் இழுபறி நடத்தி, மாதச் சம்பளம் 350 வெள்ளி என்று உடன்பாடு செய்தன. பெரிய வெற்றி என்று மாலை போட்டுக்கொண்டார்கள். அதே 2003-ல் ஆகஸ்டு மாதம் ரஷ்ய அதிபர் புட்டின் கோலாலம்பூர் வந்தார். 18 சுகோய் விமானங்களுக்கு 900 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்று டாலர் 3.80 வெள்ளி. ஒப்பந்தத் தொகையைப் பதினெட்டால் வகுத்தால் விமானம் ஒன்றுக்கு 190 மில்லியன் வெள்ளி. 350 வெள்ளிச் சம்பளக்காரர் அந்த ஒரு விமானத்தைச் சம்பாதிக்க 45,000 வருடம் குலை வெட்டவேண்டும். சோறு தின்னாமல்!

தோட்டம் விற்கப்பட்டால் சட்டம் என்ன தரச்சொல்கிறது? 1980-ஆம் ஆண்டு பணிநீக்க நலன் விதிகளின்படி, ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். முப்பது வருடம் உழைத்தவருக்கு 600 நாள். 350 வெள்ளியை 26 நாளால் வகுத்துப் பெருக்கிப் பாருங்கள், எட்டாயிரம் வெள்ளி சொச்சம். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பாருங்கள். சட்டப்படி எல்லாம் கொடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் சொன்னால் அது பொய் இல்லை. சட்டமே அவ்வளவுதான்.

இன்னொரு பதில் வரும், இதைவிடச் சூடாக. "நாட்டுப் பாதுகாப்பில் கைவைக்கிறாயா? சீனா வந்துவிட்டால் என்ன செய்வாய்?"

கைவைக்கவில்லை ஐயா. 2021 மே 31-ஆம் தேதி சீனாவின் 16 இராணுவப் போக்குவரத்து விமானங்கள் அணிவகுத்து சரவாக் கரையிலிருந்து 60 கடல் மைல் அளவுக்கு நெருங்கி வந்ததை நாங்களும் படித்தோம். நம் கட்டுப்பாட்டு நிலையத்தோடு அவை பேசவில்லை. லாபுவானிலிருந்து நம் ஹாக் விமானங்கள் எழுந்துபோய்ப் பார்த்தன. வழக்கமான பயிற்சி, யார் வான்வெளியையும் மீறவில்லை என்றது சீனத் தூதரகம். இன்னொரு பக்கம் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு 1971 முதல் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து ஆஸ்திரேலியாவின் கண்காணிப்பு விமானங்கள் தென்சீனக் கடலுக்குப் பறக்கின்றன. அமெரிக்காவும் சீனாவும் அந்தக் கடலின் மேல் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கின்றன. 2001-ல் ஹைனான் தீவருகே இரண்டு நாட்டு விமானங்களும் மோதி ஒரு சீன விமானி செத்தே போனார். நடுவில் இருக்கும் சின்ன நாட்டுக்குத் தன் வானத்தைப் பார்த்துக்கொள்ளச் சில விமானங்கள் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை.

சொல்லப்போனால் பெரிய நாடுகளின் சண்டை வானத்தில் ஆரம்பித்தால் தோட்டத்தில் எப்படி முடியும் என்பது இந்த நாட்டில் நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? 1941 டிசம்பர் 10-ஆம் தேதி, போதிய விமானத் துணை இல்லாமல் வந்த இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பான் விமானங்கள் குவாந்தான் கடலில் மூழ்கடித்தன. அடுத்த மாதமே சிரம்பான் ஜப்பான்காரன் கையில். வெள்ளைக்காரத் துரைகள் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். லயத்தில் இருந்தவர்கள் எங்கே ஓடுவது? 1942, 43-ல் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்து சயாம் மரண ரயிலுக்கு ஏற்றினார்கள். ஆயிரமாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டிலேயே மாண்டார்கள். நம் தாத்தா பாட்டிகள் "சயாமுக்குப் போனான், வரலே" என்று ஒரு வரியில் முடிக்கிற கதை அது. ஆகவே தற்காப்பு வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லமாட்டோம். வாங்கிய தற்காப்பு வேலை செய்கிறதா என்று கேட்கிற உரிமை நமக்குக் கூடுதலாகவே உண்டு.

வேலை செய்ததா? 2018-ல் மாட் சாபு நாடாளுமன்றத்தில் சொன்னது: 18 சுகோயில் பறக்கும் நிலையில் இருப்பவை நான்கே நான்கு. பிறகு உள்ளூரில் பழுது பார்த்து மீண்டும் பறக்கவிட்டார்கள், அதற்காக உழைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். எண்ணெய் கொடுத்து வாங்கிய மிக்-29 விமானங்களோ 2017-லேயே பணியிலிருந்து ஒதுக்கப்பட்டுவிட்டன. ரஷ்யாவிடம் கொஞ்சம், அமெரிக்காவிடம் கொஞ்சம், பிரிட்டனிடம் கொஞ்சம், இப்போது கொரியாவிடம் கொஞ்சம். எல்லாரிடமும் வாங்கினால் யாரையும் பகைக்க வேண்டாம் என்பது கணக்கு. அது கெட்டிக்காரத்தனம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒவ்வொரு விமானத்துக்கும் வேறு உதிரிபாகம், வேறு மெக்கானிக், வேறு தரகர்!

இதையெல்லாம் மிஞ்சியது ஒன்று. ஆகாயப்படையின் எஃப்-5 விமான இயந்திரங்கள் இரண்டு காணாமல் போனது 2009 டிசம்பரில் வெளியே வந்தது. கடைசியில் தென்னமெரிக்காவில், உருகுவே நாட்டில் இருப்பது தெரிந்தது. தோட்டத்தில் ஒரு கோணி உதிரிப்பழம் குறைந்தால் மண்டோர் பத்து பேர் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பார். ஜெட் இயந்திரம் கடல் தாண்டிப் போயிருக்கிறது!

நம்மவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும்தான். நம் பிள்ளைகள் நீலாய் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் நம் வேலையைப் பிடுங்கினார்கள் என்று காப்பிக்கடையில் பேசுவதை நானும் கேட்கிறேன். நமக்குக் கொடுத்த அதே சின்னக் கூலிக்குத்தான் அவர்களைக் கொண்டுவந்தார்கள். கணக்கு கேட்கும்போது அவர்களையும் சேர்த்தே கேட்போம்.

அடுத்த முறை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கோ தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்புக்கோ வந்தால், மாலை போட்டு அனுப்பிவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். கொரிய விமானத்துக்கு இதுவரை எத்தனை டன் எண்ணெய் போயிருக்கிறது, எந்த விலைக்கு, எந்த நிறுவனத்திடமிருந்து? எண்ணெய் விற்றவருக்கும் விமானம் வாங்கியவருக்கும் இடையில் தரகர் யார், அவருக்கு எவ்வளவு? அந்த எண்ணெய் வந்த தோட்டங்களில் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் எத்தனை, அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் எத்தனை?

வாய்மொழியாகப் பதில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்த பதிலை எங்களுக்கு அனுப்பிவையுங்கள், அப்படியே வெளியிடுகிறோம்.

— மந்தின் தோட்டத்துப் பிள்ளை