வேலி மட்டும் போதுமா?

நம் இல்லத்து விருந்தில் பிரியாணிக்கு மணமூட்டும் பட்டையும் பிரிஞ்சி இலையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கற்பூர மரமும் வெண்ணெய்ப்பழ மரமும் அவற்றின் உறவினவே. லாரேசியே எனப்படும் அக்குடும்பத்தின் அரியதோர் உறுப்பினம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. நடு அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவின் திலரான் மலைத்தொடருக்கே உரிய 'ஒக்கோடியா மாண்டிவெர்டென்சிஸ்' என்னும் பசுமை மாறா மரமே அது.

அங்கே காடு காக்கும் முயற்சிக்குக் குறைவில்லை. 1951-இல் அமெரிக்காவிலிருந்து வந்து மாண்டிவெர்டேயில் குடியேறிய குவேக்கர் சமயத்தினர், தம் நீரூற்றுகள் வற்றாதிருக்க மலைமுகட்டுக் காட்டை வெட்டாது விட்டனர். 1972-இல் மேகக்காட்டுக் காப்பகம் தோன்றியது. பின்னர், சுவீடன் பள்ளிச் சிறுவர் திரட்டிய நிதியில் தொடங்கிய சிறுவர் மழைக்காடு 20,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்துள்ளது. அவ்வாறிருந்தும் இம்மரம் அருகியதேன்? காவல் பெற்றவை பெரிதும் மேகம் தவழும் முகடுகளே. இம்மரம் வேரூன்றிய தாழ்ந்த மேற்குச் சரிவோ பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாயிற்று.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. இதன் கனியுண்ணும் மணிப்பறவை விதைகளைத் தொலைவுக்குச் சுமந்து செல்கிறது. இம்மரத்தின் உடன்பிறப்பான மற்றோர் ஒக்கோடியா இனத்தை ஆராய்ந்த வென்னி, லெவி என்னும் அறிஞர்கள் 1998-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். பிற பறவைகள் பெரும்பாலும் தாய்மரத்தின் அருகிலேயே விதைகளை உகுக்கின்றன. மணிப்பறவையோ தான் அமர்ந்து பாடும், வெயில் விழும் வெளிகளில் உகுக்கிறது. அங்கே பூஞ்சை நோய் குறைவு. ஆதலின் பிழைக்கும் கன்றுகள் மிகுதி. அப்பறவை ஆண்டுதோறும் மலையிறங்கித் தாழ்நிலக் காடுகளுக்கும் செல்வது. அக்காடுகள் அழிந்தால் மலைமீது எத்தனை வேலியிட்டும் என்ன பயன்?

எனவே, வேலிக்கு வெளியே வாழும் உழவரே இம்மரத்தின் உண்மைக் காவலர் என்போம். வறுமையுள்ள இடத்தில் மரம் நட யார் முன்வருவர் என்று சிலர் வினவலாம். கோஸ்டா ரிகா தன் 1996-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் வழி, காடு காக்கும் நிலவுடைமையாளர்க்கு ஊதியம் வழங்கி இதற்கு விடை கண்டது. மாண்டிவெர்டேப் பண்ணைகளில் இம்மரக் கன்றுகள் நடப்பட்டும் வருகின்றன.

நம் நீலகிரிச் சோலைகளிலும் இதே குடும்பத்து மரங்கள் உள்ளன. சோலைக்கு வேலியிட்டதும் கடமை முடிந்ததென நாம் அமைதல் கூடாது. சோலையைச் சூழ்ந்து வாழும் மக்களையும் அக்காவலில் பங்காளிகளாக்குதல் வேண்டும். இன்றைய மாணவர் இதனை உணர்வாராயின், நாளைய காடு பிழைக்கும்.