அரைப் பேருக்குக் காரணம் கையா, கண்ணா?

எங்கள் டிவிசனில் 47 வயது அக்கா ஒருவர் இருக்கிறார். பதினெட்டு வயதில் பேர் பதிந்து மலைக்குப் போனவர். கைவேகத்துக்குப் பெயர் எடுத்தவர். போன வருடத்திலிருந்து அவருக்குக் கிலோ குறைந்துகொண்டே வந்தது. கூடையில் முற்றல் இலை கலந்திருக்கிறது என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஏச்சு வாங்கினார். மாதத்தில் நாலைந்து நாள் அரைப் பேர் விழுந்தது. "வயசு போயிருச்சு டீச்சர், முன்ன மாதிரி கை ஓடல" என்று கமிட்டிக் கூட்டத்தில் வந்து சொன்னார்.

அதை ஒரு சம்பளப் பிரச்சினையாகவே நானும் கேட்டுக்கொண்டேன். முறைப்பாட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கழுத்தையும் பின்னால் இழுத்துப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையில் குறை எதுவும் இல்லை. கண்ணுக்கு அரும்பு தெரியவில்லை.

இதற்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் வெள்ளெழுத்து. நாற்பது வயதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போகிறது. தூரத்து மலை தெளிவாகத் தெரியும், கைக்கு எட்டும் கொழுந்து மங்கும். இது நோயும் அல்ல, சோம்பலும் அல்ல. துரைக்கும் வரும், தொழிலாளிக்கும் வரும். துரை கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்கிறார். நம் அக்காமார் அரைப் பேரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

இதைக் கணக்கோடு சொல்ல முடியும். இந்தியாவின் அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2018இல் அது 'லான்செட் குளோபல் ஹெல்த்' மருத்துவ இதழில் வெளிவந்தது. பாதிப் பேருக்கு உடனே கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்கும் சற்று அதிகமாகக் கொழுந்து எடுத்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 22 வீதம் கூடுதல். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் பலன் இன்னும் அதிகம்.

இங்கே நம் தோழர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். "கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, இப்போது நன்றாகத் தெரிகிறதே என்று எடுக்கவேண்டிய கிலோவைக் கூட்டிவிட மாட்டார்களா?" நியாயமான பயம். 2021இல் ஆயிரம் ரூபா சம்பளம் வந்தபோது பல தோட்டங்களில் என்ன நடந்தது என்பதை யாரும் மறக்கவில்லை. ஆனால் அதற்காகக் கண்ணாடி வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கண்ணாடி கேட்கும்போதே, அதைக் காரணம் காட்டிக் கிலோவைக் கூட்டக் கூடாது என்று எழுத்தில் கேட்க வேண்டும். கையுறை, மழைப்படங்கு போலக் கண்ணாடியும் வேலைக்குரிய பொருள். அதைச் சலுகையாக வாங்கினால் விலை பேசுவார்கள். உரிமையாக வாங்கினால் பேச முடியாது.

கண்ணாடியோடு எல்லாம் தீர்ந்துவிடாது. பார்வை மங்குவதெல்லாம் வெள்ளெழுத்தும் அல்ல. எதை எதாகப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டும்.

புகை மூட்டம் போலப் பார்வை மங்கி, வெயிலில் கண் கூசி, இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அது கண்புரையாக இருக்கலாம். கண்ணாடியால் தீராது, சிறிய அறுவைச் சிகிச்சையால் தீரும். சீனி வருத்தம் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் பரிசோதிக்க வேண்டும். அங்கே இரத்தக் குழாய்கள் பழுதாவது தொடக்கத்தில் நமக்குத் தெரியாது. குளுக்கோமா என்ற கண் அழுத்த நோயும் அப்படித்தான். பெரும்பாலும் வலி இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டு வரும். இழந்த பார்வை திரும்ப வராது. தாய் தகப்பனுக்கு அந்த நோய் இருந்தால் பிள்ளைகள் நாற்பது வயதில் கட்டாயம் காட்ட வேண்டும்.

உடனே, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவையும் உண்டு. திடீரென்று ஒரு கண் தெரியாமல் போவது. கண் முன்னே மின்னல் வெட்டி, கரும்புள்ளிகள் பறந்து, திரை இறங்குவது போல மறைவது. கண் சிவந்து கடும் வலியோடு வாந்தி வருவது. தேயிலை வாது குத்தி வலி நிற்காமல் இருப்பது. மருந்து அடிக்கும்போது கண்ணில் பட்டால், சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றி இருபது நிமிடமாவது கழுவிவிட்டுப் பிறகு போக வேண்டும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் விடக் கூடாது. கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தை வைத்தியர் சொல்லாமல் நெடுநாள் விட்டால் அதுவே கண் அழுத்தத்தைக் கொண்டுவரும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரில் தொங்கும் கலண்டரைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

பிள்ளைகளின் விடயத்தில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். கரும்பலகையைப் பார்த்து எழுதாத ஒரு பையனைக் கவனமில்லாதவன் என்று கடைசி வாங்கில் இருத்தினேன். அவன் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதினான். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில்தான் அவனுக்குத் தூரப்பார்வை மிகக் குறைவு என்று தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, கொப்பியில் மூக்கு படும்படி எழுதுவது, அடிக்கடி தலைவலி என்பது, டிவிக்குக் கிட்டப் போய் நிற்பது எல்லாம் அடையாளங்கள். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை செய்யாவிட்டால் அந்தக் கண்ணின் பார்வையைத் திரும்பப் பெறுவது கடினம். கைக்குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வைத்தியசாலைக்குப் போகப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிலர், பிறகு விடப்பட்ட பிரெட்னிசலோன் சொட்டு மருந்தால் பார்வையை இழந்தார்கள். அந்த மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் வீட்டிலேயே இருந்தால் கண்புரை முற்றத்தான் செய்யும். நல்ல மருந்து கேட்பதும் நம் உரிமை, சிகிச்சைக்குப் போவதும் நம் உரிமை.

பயத்தைவிடப் பெரிய தடை நாட்சம்பளம். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், பஸ் காசும் போய்விடும். கண்ணாடி எழுதிக் கொடுத்தாலும் அதை வாங்க இன்னொரு நாள் டவுனுக்குப் போக வேண்டும். "இன்னும் கொஞ்சம் தெரியுதே" என்று தள்ளிப்போடுவதன் காரணம் அறியாமை மட்டும் அல்ல.

ஆகவே சங்கம் நிர்வாகத்திடமும் சுகாதார அமைச்சிடமும் நான்கு விடயங்களைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒருமுறை பிரட்டுக்களத்திலேயே, சம்பளத்தோடு, கண் பரிசோதனை. தேவையானவர்களுக்கு நிர்வாகச் செலவில் கண்ணாடி. மருந்து அடிப்பவர்களுக்கும் கவ்வாத்து வெட்டுபவர்களுக்கும் கண் பாதுகாப்புக் கண்ணாடி. கிலோ குறைந்தவருக்கு அரைப் பேர் போடுவதற்கு முன் கண்ணைப் பரிசோதிப்பது.

எங்கள் அக்கா இப்போது கண்ணாடி போடுகிறார், கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. முதல் வாரம் "டீச்சரம்மா வர்றாங்க" என்று மலையில் கேலி செய்தார்களாம். மூன்றாவது வாரம், கேலி செய்தவர்களில் இருவர் அந்தக் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த இருவரின் பெயரையும் கமிட்டிக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். உங்கள் தோட்டத்திலும் ஒரு கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்குங்கள். பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது அந்தப் பெயர்ப்பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும்.